அறுபது ஓம்

ஜூன் 20, வெள்ளி

ஈஸ்வரனை இன்று ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். பின் அறைக் கட்டிலைச் சன்னல் ஓரமாக இழுத்துப் போட்டேன். மாத்திரைகளை வேளை வாரியாகப் பிரித்துப் பழைய சோப்பு டப்பாக்களில் போட்டு வைத்தேன். முழங்காலுக்குக் கீழே இல்லாத காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு, "அக்கா, இனிமே செருப்பு வாங்கினா ஒத்தைச் செருப்பு மட்டும் தருவாங்களா?" என்றான். நான் ரசத்துக்குத் தாளித்தேன்.

ஏப்ரலில் நடந்ததை இதுவரை எழுதவில்லை. என் தம்பி இருபது வருடமாக அடுத்தவர் பொக்லைனை ஓட்டியவன். முதன்முதலாகச் சொந்தமாக ஒன்று வாங்கினான். பழைய வண்டி. வாங்கிய இடம் பவானி ரோட்டில் பொன்னுரங்கத்தின் யார்டு. குவாரி வேலைக்குக் கொண்டுபோக டிரைலரில் ஏற்றும்போது, சாய்பலகையில் பாதி ஏறிய வண்டியின் எஞ்சின் தானாக நின்றுவிட்டது. எஞ்சின் நின்றால் பக்கெட்டை ஊன்றித் தாங்கிக்கொள்ளவும் முடியாது. வண்டி பக்கவாட்டில் சரிந்து விழுந்தது. இவன் கால் உள்ளே சிக்கிக்கொண்டது.

அன்று போலீஸ் ஸ்டேஷன் வாசலில் அத்தனை பேர் நிற்கும்போது பொன்னுரங்கம் சொன்னான்: "வண்டி சுத்தமான வண்டிங்க. ஆபரேட்டருக்குத்தான் கை நடுக்கம்."

குடிக்காதவனைக் குடிகாரன் என்று சொல்லாமல் சொல்லும் பேச்சு அது. பொக்லைனைக் கைப்பிடிகளை வைத்துத்தான் ஓட்டுகிறார்கள். கால் போனவனுக்கும் சீட்டு உண்டு, கை நடுங்குகிறவனுக்குக் கிடையாது. இன்று மாலை ஈஸ்வரன் இரண்டு குவாரிக்காரர்களுக்குப் போன் போட்டான். இரண்டு பேரும் "பாத்துச் சொல்றோம்" என்றார்கள்.

எனக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். ரிட்டயர் ஆகும்வரை என்னிடம் பிசிக்ஸ் படித்த பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். மரகதம் டீச்சர் மெல்லப் பேச ஆரம்பித்தால் கடைசி பெஞ்சுகூடப் புத்தகத்தைத் திறந்துவிடும். இன்று முழுவதும் நான் மெல்லத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அந்தச் சொல்லைப் பொன்னுரங்கத்தின் வாயாலேயே, ஆட்கள் முன்னால், திரும்ப வாங்க வைப்பேன்.

ஜூன் 22, ஞாயிறு

போலீஸ் எழுதி முடித்துக் கொடுத்த வண்டி, கேபின் நசுங்கி, வீட்டுக்குப் பின்னால் காலி மனையில் நிற்கிறது. காலையில் துணி காயப் போடப் போனவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

ஈஸ்வரன் இன்றுதான் ஒன்றைச் சொன்னான். எஞ்சின் நிற்பதற்கு முன்னால் மானிட்டரில் ஒரு வரி மின்னியதாம். கம்யூனிகேஷன் எர்ரர். "வண்டிக்குள்ள எஞ்சினுக்கு ஒரு கம்ப்யூட்டர், பம்புக்கு ஒண்ணு, மானிட்டருக்கு ஒண்ணு இருக்குதுக்கா. அதுங்க ஒண்ணுக்கொண்ணு பேசிக்கணும். அன்னைக்குப் பேசல. பேச்சு நின்னதும் எஞ்சின் நின்னுபோச்சு."

"எதன் வழியாப் பேசும்?"

"ரெண்டே ரெண்டு ஒயரு. முறுக்கிக்கிட்டு வண்டி பூரா ஓடும்."

மத்தியானம் அவன் போனில் அந்த வண்டியின் ரிப்பேர் புத்தகத்தைப் படித்தேன். எனக்குப் புரிந்ததை அவனுக்கு வகுப்பு எடுத்தேன். காலி வகுப்பறையில் பேசினால் சொல் சுவரில் மோதித் திரும்பி வந்து அடுத்த சொல்லை மிதிக்கும். கடைசி வரிசையில் பிள்ளைகள் நிறைந்திருந்தால் ஒலி அவர்களோடு அடங்கிவிடும். அப்படி அடங்குவதற்காகத்தான் அந்த இரண்டு ஒயரின் இரு முனையிலும் தலா நூற்றிருபது ஓம் தடை வைத்திருக்கிறார்கள். இரண்டும் பக்க இணைப்பில் இருப்பதால் மீட்டரில் பாதிதான் காட்டும். ஹாலுக்கு ஒரே அளவில் இரண்டு வாசல் இருந்தால் நெரிசல் பாதியாகும், அதுபோல. ஒரு வாசல் அடைபட்டால் மறுபடி முழு நெரிசல்.

"அப்ப நல்ல வண்டின்னா அறுபது ஓம். நடுவுல ஒயர் விட்டுப்போனா நூத்திருபது. அவ்வளவுதான?"

"அவ்வளவுதான்."

"அறுபது ஓம்" என்று கண்ணை மூடிக் கையைக் கூப்பினான். "மந்திரமாட்ட இருக்குது. அறுபது தடவ சொன்னா கால் முளைக்குமாக்கா?"

சாயங்காலம் பேட்டரியைத் துண்டித்துவிட்டு, சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பிளக்கில் என் பழைய மல்டிமீட்டரை வைத்தேன்.

அறுபது.

வண்டியில் கோளாறு இல்லை என்கிறது மீட்டர். இரவு சாப்பாடு இறங்கவில்லை.

ஜூன் 25, புதன்

இட்லிக்கு அரைக்கும்போது தோன்றியது. என்னிடம் படித்த ஒரு பெண், பெஞ்சில் இருந்து கேட்டால் எல்லாப் பதிலும் சொல்வாள். மேடையில் ஏற்றினால் வாய் ஒட்டிக்கொள்ளும். அவளைப் பெஞ்சிலேயே வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தால் அவள் குறை எனக்கு ஆயுசுக்கும் தெரிந்திருக்காது. இந்த வண்டி நின்றது சமதரையில் அல்ல, சாய்பலகையில்.

எதிர்வீட்டு லாரிக்காரரிடம் ஜாக்கி வாங்கினேன். அவரே வந்து கேபினின் முன்பக்கத்தைத் தூக்கினார். கேபின் ரப்பர்கள் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, தேய்ந்த ரப்பர்கள். கேபின் பின்னால் சாயச் சாய மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபது, அறுபது, பிறகு ஒரே துள்ளலாக நூற்றிருபது.

இறக்கச் சொன்னேன். அறுபது. ஏற்றச் சொன்னேன். நூற்றிருபது.

கேபின் தளத்துக்கு அடியில் லாரிக்காரர் கையை விட்டு ஒயர்க்கட்டை வெளியே இழுத்தார். அந்த இரண்டு ஒயரும் எப்போதோ தேய்ந்து அறுந்திருக்கின்றன. யாரோ வெறுங்கையால் முறுக்கி, மேலே டேப் சுற்றி, அதற்கு மேல் நூலால் கட்டியிருக்கிறார்கள். கட்டு அவிழாமல் இருக்கப் போட்ட முடிச்சைப் பார்த்து ஈஸ்வரன் சன்னலில் இருந்தே கத்தினான்.

"அக்கா, அது பூ முடிச்சு!"

மல்லிகையை நாரில் வைத்துச் சுற்றி இழுப்பார்களே, அதே முடிச்சு. பொன்னுரங்கத்தின் எலக்ட்ரீஷியன் செங்கோடனின் மனைவி பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டி விற்கிறாள். அவனும் உட்கார்ந்து கட்டிக் கொடுப்பான். ஒயரையும் அப்படியேதான் கட்டுவான் என்பது ஆபரேட்டர்களுக்கெல்லாம் தெரிந்த கேலி.

தெரிந்தே விற்றிருக்கிறார்கள். இன்று இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

ஜூன் 28, சனி

யார்டுக்குப் போனேன். பொன்னுரங்கம் எழுந்து நின்று, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, எதிர்க்கடையில் டீ வாங்கி வரச் சொன்னான். மரியாதைக்குக் குறைவில்லை. சுற்றிலும் வாங்க வந்தவர்கள், டிரைலர்க்காரர்கள். செங்கோடன் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். நான் நடந்ததைச் சொன்னேன்.

"டீச்சரம்மா" என்றான். "விழுந்து நசுங்கின வண்டில ஒயர் அறுந்துதான் இருக்கும். தலகீழா விழுந்த ஆள் சட்டைல பட்டன் இல்லைன்னு தையக்காரன் மேல கேஸ் போடுவீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"அந்த முடிச்சு உங்க யார்டு முடிச்சு."

"முடிச்சு போட்டு என்னையக் கட்டலாம்னு பாக்கறீங்க. உங்க தம்பி நல்ல பையன், இல்லைங்கல. ஆனா கை நடுங்குதே, நான் என்ன பண்ண?" என்று டீ கிளாசை எடுத்து, கையை ஆட்டி, சட்டையில் கொஞ்சம் சிந்திக் காட்டினான். இன்னும் பெரிய சிரிப்பு. வண்டிக்கு அடியில் இருந்த செங்கோடன் மட்டும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

என் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

வக்கீலைப் பார்த்தேன். வருடக்கணக்கில் ஆகும் என்றார்.

பொன்னுரங்கத்தின் யார்டுக்கு நேர் எதிரே பாப்பாத்தியின் டீக்கடை. அங்கே ஒரு பெஞ்சு, அதன் மேல் வேப்பமர நிழல். சாப்பாட்டுப் பையில் மல்டிமீட்டர், தண்ணீர்ப் பாட்டில், ஒரு தயிர்சாதம். நாளை முதல் எனக்கு அங்கே வேலை.

ஜூலை 7, திங்கள்

முதல் ஆள் சிக்கினார். பெருந்துறைக்காரர், வண்டி பார்க்க வந்தவர், டீ குடிக்க வந்து உட்கார்ந்தார். பழைய வண்டி வாங்கும்போது எதைப் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். செயின், பக்கெட் பல், எண்ணெய்க் கசிவு என்றார்.

"நல்லது. மாப்பிள்ளை பார்க்கப் போகிறீர்கள். கை, கால், பல் எல்லாம் பார்த்தாயிற்று. அவன் வீட்டில் ஒருத்தரோடு ஒருத்தர் பேசிக்கொள்கிறார்களா என்று பார்க்க வேண்டாமா?"

அவர் சிரித்துவிட்டார். பிறகு மீட்டரைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

யார்டில் ஒரு மூலையில் மண்மேடு இருந்தது. ஒரு பக்கச் செயினை மட்டும் மேட்டில் ஏற்றி வண்டியைச் சாய்த்து நிறுத்தச் சொன்னேன். பொன்னுரங்கம், "எதுக்குங்க வீணா" என்றான். "ஏத்தினா என்னங்க, வண்டிக்கு வலிக்குமா?" என்றார் வாங்க வந்தவர். ஏற்றினார்கள். எஞ்சினை நிறுத்தி, பேட்டரியைத் துண்டித்து, பிளக்கில் மீட்டரை வைத்தேன். நூற்றிருபது. கேபின் அடியில் கையை விட்டால் பூ முடிச்சு.

பெருந்துறைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். அந்தத் துண்டின் ஓசை எனக்கு இன்னும் காதில் இனிக்கிறது. ஆசிரியர் இப்படி எழுதக் கூடாதுதான். இனித்ததை இனித்தது என்று எழுதினேன்.

ஈஸ்வரன் புண்ணுக்கு மருந்து வைத்தேன். ஓரம் நன்றாகக் காய்ந்துவருகிறது.

ஜூலை 15, செவ்வாய்

பொன்னுரங்கம் மண்மேட்டை அள்ளிவிட்டுத் தரைக்குக் கான்கிரீட் போட்டுவிட்டான்.

வாங்க வருகிறவர்கள் இப்போது மணல் மூட்டையோடு வருகிறார்கள். நேற்று ஓமலூரில் இருந்து வந்த ஒருவர் டெம்போவில் ரயில்வேக் கட்டையே கொண்டுவந்து இறக்கினார். பாப்பாத்திக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"ஏனுங் டீச்சர், நீங்க வந்ததுல இருந்து எனக்கு யாவாரம் ஏறுது, எதுத்தாப்புல எறங்குது. பெஞ்சுக்கு வாடகை வாங்கலாம்னு இருந்தேன், இனி நாந்தான் குடுக்கோணும்."

சந்தையில் ஒரு பேச்சே உண்டாகிவிட்டதாம். யாராவது எதையாவது அதிகமாகப் புகழ்ந்தால், "அதெல்லாம் செரி, மேட்டுல ஏத்திப் பாத்தாச்சா?" என்கிறார்களாம். கல்யாணப் பேச்சில்கூட.

ஒன்றை நேர்மையாக எழுத வேண்டும். நான் பொய் சொல்வதில்லை. மீட்டர் என்ன காட்டுகிறதோ அதை உரக்கப் படிக்கிறேன், அவ்வளவே. விடைத்தாளில் இருப்பதற்குத்தான் மதிப்பெண். இதுவரை மூன்று வண்டிகள் நன்றாக இருந்தன. நன்றாக இருக்கிறது என்றேன், விற்றன. அதனால்தான் மற்றவற்றைச் சொல்லும்போது நம்புகிறார்கள்.

ஜூலை 19, சனி

மழை. மீட்டரை எடுக்கவில்லை. எலுமிச்சை ஊறுகாய் போட்டேன்.

ஜூலை 30, புதன்

பொன்னுரங்கம் வீட்டுக்கு வந்தான். ஆப்பிள், ஹார்லிக்ஸ். ஈஸ்வரனிடம் உடம்பைப் பற்றி விசாரித்தான். பிறகு என்னிடம், "டீச்சரம்மா, யார்டுக்கு ஆள் வந்து நாளாச்சு. என்ன வேணும்னு சொல்லுங்க, பண்ணிப்போடறேன்" என்றான்.

"அன்றைக்கு ஸ்டேஷன் வாசலில் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். யார்டில், ஆட்கள் முன்னால். ஈஸ்வரன் கையில் நடுக்கம் இல்லை, அந்த ஒயர் முடிச்சு எங்கள் யார்டில் போட்டது என்று. இவ்வளவு சொன்னால் போதும்."

"வேற எது வேணும்னாலும் கேளுங்க. அத மட்டும் சொன்னா, அதுக்கப்பறம் எங்கிட்ட ஒரு போல்ட்டு வாங்க ஆள் வருமா?"

"என் தம்பியிடம் ஒரு குவாரிக்காரர் வருகிறாரா?"

ஆப்பிளை வைத்துவிட்டுப் போனான். அவன் சட்டைக் காலர் கிழிந்து திருப்பித் தைத்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ நிறைந்தது. ஈஸ்வரன் ஒரு ஆப்பிளை எடுத்துக் கடித்தான். அதை வாங்கி வெளியே எறிந்திருப்பேன், வளர்ந்த பிள்ளையின் வாயில் இருந்து பிடுங்க முடியுமா?

"ஆள் எளச்சுட்டானக்கா" என்றான், மென்றுகொண்டே.

"இன்னும் இளைப்பான்."

ஆகஸ்ட் 12, செவ்வாய்

யார்டில் இப்போது ஒரே ஒரு வண்டிதான் மிச்சம். பாக்கியைக் கடன் கொடுத்த கம்பெனிக்காரர்கள் எடுத்துப்போய்விட்டார்களாம். அதை வாங்க ஒருவர் வந்தார். மாதையன், மேச்சேரிப் பக்கம், வயது முப்பத்தைந்து இருக்கும். ஆபரேட்டர். முதல் சொந்த வண்டி. மனைவியும் வந்திருந்தாள். வண்டிக்குப் போட மாலையை இப்போதே வாங்கிக் கவரில் வைத்திருந்தாள். பார்த்ததும் வாங்கிவிடுவது என்ற முடிவோடுதான் வந்திருக்கிறார்கள்.

பொன்னுரங்கம் இந்த முறை எதையும் தடுக்கவில்லை. அவனே மணல் மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தான். "ஏத்திப் பாருங்க டீச்சரம்மா. செங்கோடனை வெச்சு ஒயர் மொத்தமும் புதுசா இழுத்திருக்குது. கேபின் ரப்பரும் புதுசு." செங்கோடன் கைகட்டிக்கொண்டு ஓரமாக நின்றான், பரீட்சை எழுதிவிட்டு நிற்கும் பிள்ளை மாதிரி.

மேட்டில் ஏற்றினார்கள். மீட்டரை வைத்தேன். இந்தப் பக்கம் சாய்த்து வைத்தேன், அந்தப் பக்கம் சாய்த்து வைத்தேன்.

வெயில் அதிகம். மீட்டரில் எண் சரியாகத் தெரியவில்லை. பேட்டரி தேய்ந்திருக்கலாம். மாதையனும் அவர் மனைவியும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொன்னுரங்கமும்.

"எனக்குத் திருப்தியாக இல்லை" என்றேன். "வேண்டாம்."

மாதையன் ஏன் என்று கேட்கவில்லை. அந்த அம்மாள் மாலையைப் பாப்பாத்தி கடைச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து தலைவலி. வெயிலில் நின்றது.

ஆகஸ்ட் 13, புதன்

மீட்டருக்குப் புது பேட்டரி போட்டேன். பழையதைச் சுவர்க் கடிகாரத்தில் போட்டேன். நன்றாக ஓடுகிறது.

ஆகஸ்ட் 14, வியாழன்

டீக்கடைக்குப் போகவில்லை. போக வேண்டிய தேவையும் இல்லை. பாப்பாத்தி போன் செய்தாள். யார்டு கேட்டைப் பாதி அடைத்துவிட்டார்களாம். "செயிச்சுட்டீங்க டீச்சர்" என்றாள். ஆமாம் என்றேன். அலமாரி மேல்தட்டைத் துடைத்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சந்தைக்குப் போய்த் திரும்பினால் கட்டில் காலி. ஊன்றுகோலும் இல்லை. மேசை மேல் வைத்திருந்த மீட்டரும் இல்லை. தெரு முனை வரை ஓடினேன். கத்தரிக்காய்ப் பையோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். கடைசியில் ஆட்டோ வந்தது. இறங்கிய ஈஸ்வரனின் ஊன்றுகோல் முனையில் மணல்.

உள்ளே வந்து மீட்டரை மேசை மேல் வைத்தான்.

"மாதையன் நேத்து எனக்குப் போன் பண்ணினான். அண்ணா, வண்டிச் சத்தம் கேட்டா நல்லா இருக்குது, டீச்சர் வேண்டாங்கறாங்க, என்ன பண்ணட்டும்னான். அவனையும் வரச் சொல்லிப் போய்ப் பாத்தோம்."

நான் கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டேன்.

"தரைல அறுபது. மேட்டுல அறுபது. இந்தப் பக்கம் அறுபது, அந்தப் பக்கம் அறுபது. எஞ்சினைச் சூடு பண்ணியும் பாத்தாச்சு."

"அவன் உன் காலை எடுத்தவன்டா."

"காலெடுத்தது வண்டிக்கா. அவன் எடுத்தது பேரை." அவன் குரலும் இறங்கியிருந்தது. எங்கள் குடும்பக் குரல். "நல்லா இருக்கற கையப் பாத்து நடுங்குதுன்னான் அவன். நல்லா இருக்கற வண்டியப் பாத்து வேண்டாம்னுட்ட நீ. இதுல எது மேட்டுல ஏத்திப் பாத்தது?"

கத்தரிக்காயை நறுக்கினேன். எல்லாத் துண்டும் கோணல். சாப்பிட உட்கார்ந்தோம்.

பிறகு அவன் எப்போதும் போல, "குழம்பு நல்லா இருக்குது. மீட்டர் வெச்சுப் பாத்துட்டுச் சொல்லட்டா?" என்றான்.

நான் எழுந்து போய்ச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். சரியான நேரம்தான் காட்டிக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 18, திங்கள்

மாதையனை மறுபடி வரச் சொன்னேன். பாப்பாத்தியிடம் சொன்னால் ஊருக்கே சொன்னது மாதிரி. நாங்கள் போய்ச் சேரும்போது யார்டில் நல்ல கூட்டம். கடைசி வண்டியையும் டீச்சர் என்ன செய்யப்போகிறாள் என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள். அன்று டீ சிந்தியதற்குச் சிரித்த டிரைலர்க்காரர்களும் இருந்தார்கள்.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

மாதையன் வண்டியை மேட்டில் ஏற்றி நிறுத்தினார். நான் மீட்டரை வைத்து, பக்கத்தில் நின்ற மாதையனின் மனைவியைக் கூப்பிட்டு, "படியம்மா" என்றேன்.

"அறுபதுங்க."

"உரக்கப் படி."

"அறுபது!"

கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினேன். வகுப்பில் பேசும் குரலில் சொன்னேன். "செவ்வாய்க்கிழமையும் இது அறுபதுதான் காட்டியது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்னேன். நான் சொன்னது பொய். வண்டியில் குற்றம் இல்லை, என் வாயில்தான். பொன்னுரங்கம், உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மாதையா, உங்களிடமும்."

பிறகு பேசாமல் நின்றேன்.

பிள்ளைகளோடு ஆயுசைக் கழித்தவளுக்கு ஒன்று தெரியும். இரண்டு பேர் சேர்ந்து கண்ணாடியை உடைத்திருந்தால், அதட்டக் கூடாது. ஒருத்தி எழுந்து "நான்தான் டீச்சர்" என்று சொன்னதும் பேசாமல் இருந்துவிட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளை மொத்த வகுப்பும் திரும்பிப் பார்க்கும். அவள் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பாள்?

மொத்த யார்டும் பொன்னுரங்கத்தைப் பார்த்தது. அவன் என்னைப் பார்த்தான். அவன் கண்ணில் முதல்முறையாகப் பயத்தைப் பார்த்தேன். இத்தனை நாளாக அவன் வியாபாரத்தைக் கெடுத்தபோதுகூட அது வரவில்லை.

"செரி, செரி, விடுங்க டீச்சரம்மா, பெரியவங்க நீங்க" என்றான். என்னைப் பேச வைத்து முடித்துவிடப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. பாப்பாத்திகூடப் பேசவில்லை.

ஓரத்தில் நின்ற செங்கோடன்தான் பேசினான். "அண்ணா, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?"

"என்னத்தடா சொல்றது?"

"ஈஸ்வரண்ணன் வண்டிய. முறுக்கி விட்டாப் போதும், வித்துட்டுப் போறதுதானன்னு நீங்க சொன்னத."

பொன்னுரங்கம் துண்டால் கழுத்தைத் துடைத்தான். கான்கிரீட் தரையைப் பார்த்துக்கொண்டு, யாரிடமோ சொல்வது போலச் சொன்னான். "கட்டு நம்ம யார்டுக் கட்டுதானுங்க. ஈஸ்வரன் மேல தப்பு இல்ல."

"கை?" என்றாள் பாப்பாத்தி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தே.

அவன் போய் மறுமூலையில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். பதிலை மாதையன் சொன்னார். "அண்ணா, நீங்க ஒருக்கா ஓட்டிக் காட்டுங்க. உங்க கை பட்டு வாங்கிக்கறேன்."

பேட்டரியை மாட்டி வண்டியைத் தரைக்கு இறக்கியதும், இரண்டு பேர் தாங்கி ஈஸ்வரனைக் கேபினில் ஏற்றினார்கள். ஏப்ரலுக்குப் பிறகு அவன் ஆபரேட்டர் சீட்டில் உட்கார்வது இதுதான் முதல் தடவை. கதவைச் சாத்துவதற்கு முன், "பாப்பாத்தியக்கா, டீ ஒண்ணு. நெறயா, வழிய வழிய ஊத்து" என்றான்.

அவள் கிளாசைக் கொண்டுவந்து தரையில் கிடந்த பக்கெட்டுக்குள் வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டாள். எஞ்சின் முழங்கியது. பூம் எழுந்தது. அத்தனை பெரிய இரும்புக் கை கிளாசைத் தூக்கிக்கொண்டு எங்கள் தலைக்கு மேல் போய், மெல்லத் திரும்பி, யார்டின் மறுமூலையில் நாற்காலி போட்டிருந்த இடத்துக்கு வந்து, பொன்னுரங்கத்தின் முழங்காலுக்கு நேராக இறங்கி, தரையைத் தொட்டது. தொட்ட சத்தம்கூடக் கேட்கவில்லை.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பக்கெட்டுக்குள் ஒரு சொட்டு இல்லை. கிளாசின் விளிம்பில் ஆடை அப்படியே படிந்திருந்தது.

டிரைலர்க்காரர்களில் ஒருவர் விசில் அடித்தார். குவாரிக்காரர் ஒருவர், ஜூன் மாதம் "பாத்துச் சொல்றோம்" என்றவர், போனைக் காதில் வைத்துக்கொண்டு கேபின் பக்கமாக நடந்து போனார். மாதையனின் மனைவி இந்த முறை மாலை கொண்டுவரவில்லை. செங்கோடன் ஓடிப்போய்ப் பஸ் ஸ்டாண்டில் இருந்து வாங்கி வந்தான்.

ஈஸ்வரன் இறங்கி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். பொன்னுரங்கம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கிளாஸ் அவன் முன்னால் ஆவி பறக்க நின்றது. அன்று நான் குடிக்காமல் வைத்துவிட்டு வந்த அதே மாதிரிக் கிளாஸ்.

"எடுத்துக் குடிங்க" என்றான் ஈஸ்வரன்.

பொன்னுரங்கம் கையை நீட்டினான். கை நடுங்கியது. எல்லோரும் பார்த்தார்கள். அவனும் பார்த்தான். கையைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டான்.

நான் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டும் என்று இத்தனை நாள் காத்திருந்தேன், வரவில்லை.

"வா, போலாம்" என்றேன் ஈஸ்வரனிடம்.

"டீ?"

"ஆறட்டும்."